நடுவுல மத்திய சர்க்கார், ரெண்டு பக்கமும் மாநில சர்க்கார்

போன வாரம் சென்னையிலேர்ந்து நண்பர் ஒருத்தர் வந்திருந்தார். அவரும் எழுதறவர்தான், பேரைச் சொன்னா அடிக்க வருவார், வேணாம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல இறங்கினவரை பைக்ல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன். எங்க ரயில்வே மேம்பாலத்துல ஏறி நடுப்பகுதிக்கு வரும்போது வண்டி 'டடக்'னு ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு 'டடக்'.

"என்னங்க இது, சரியா ரெண்டு எடத்துல மட்டும் குதிக்குது?"

"முதல் எடத்துல மாநில சர்க்கார் முடிஞ்சு மத்திய சர்க்கார் ஆரம்பிக்குது. ரெண்டாவது எடத்துல மத்திய சர்க்கார் முடிஞ்சு திரும்ப மாநில சர்க்கார்."

விழுந்து விழுந்து சிரிச்சார். நான் ஏதோ அரசியல் ஜோக் அடிச்சேன்னு நினைச்சுட்டார் போல. நான் சொன்னது நிஜம் சாமி. அதை அவருக்கு வெளக்கி முடிக்க ரெண்டு டீ ஆச்சு. அவருக்குச் சொல்லாம விட்டதையும் சேர்த்து இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்க ஏரியா தெரியாதவங்களுக்கு: சென்னைக்கு வடக்கே, ஆந்திரா எல்லைக்கு முன்னாடி, திருவள்ளூர் மாவட்டத்தோட மேல் மூலை. சிப்காட் இருக்கறதால இரும்பு ஆலை, உருட்டாலை, கெமிக்கல் கம்பெனின்னு ஊரைச் சுத்தி புகைக்குழாயா நிக்கும். நான் ஆணி புடுங்கறதும் அதுல ஒரு கம்பெனியிலதான், டெஸ்பாட்ச் செக்ஷன். கல்கத்தா ரோடு இங்கதான் போகுது. இப்போ அதுக்கு தேசிய நெடுஞ்சாலை 16-ன்னு பேரு, முன்னாடி 5, எங்க ஊர் பெருசுங்களுக்கு என்னைக்கும் ஜி.என்.டி. ரோடு. அதுக்குப் பக்கத்துலயே கூடூர் போற ரயில் பாதை. சென்னையிலேர்ந்து கல்கத்தா போற வண்டி, டெல்லி போற வண்டி, எங்க லோக்கல், நிலக்கரி ஏத்தின கூட்ஸு, எல்லாமே இந்தத் தண்டவாளத்துலதான். ஊருங்க பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஸ்கூலுக்கோ ஷிப்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகணும்னா கேட்டைத் தாண்டணும்.

கேட்டுன்னா லெவல் கிராஸிங். இந்தப் பக்கத்துல வளர்ந்தவங்களுக்கு "கேட் போட்டுட்டான்"ங்கற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்னு தெரியும். ஸ்கூலுக்கு லேட்டு, ஷிப்டு போச்சு, கல்யாணத்துக்குப் போனா முகூர்த்தம் முடிஞ்சு பந்தி ஓடுது, எல்லாத்துக்கும் ஒரே காரணம் அதுதான். கேட் மூடியிருக்கும்போது வெள்ளரிப்பிஞ்சு, வேர்க்கடலை, நுங்கு வித்தே குடும்பத்தைக் காப்பாத்தினவங்க உண்டு. (எனக்கு சிகரெட் பழகினதும் கேட்லதான், அது வேற கொசுவத்தி, இப்போ வேணாம்.)

இப்போ மேட்டருக்கு வரேன். இந்தக் கேட்டுக்கு மேல ஒரு பாலம் கட்டணும்னா அதை யார் கட்டணும்?

நம்ம அரசியல் சட்டத்துல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. எது மத்திய அரசு வேலை, எது மாநில அரசு வேலைன்னு பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. ரயில்வே மத்தியப் பட்டியல்ல 22-வது. மாநிலப் பட்டியல்ல 13-வதா சாலைகள், பாலங்கள், படகுத்துறைகள்னு வருது. மத்தியப் பட்டியல்ல சொல்லாதது எல்லாம் மாநிலத்துக்குங்கற வாசகத்தோட. ஆக கீழ ஓடற ரயில் டெல்லிக்காரங்களுது, அதுக்கு மேல போற எங்க ஊர் ரோடு கோட்டையில இருக்கறவங்களுது. ஒரே எடத்துல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டும். தேசிய நெடுஞ்சாலைன்னா கதை வேற, அதுவும் மத்தியப் பட்டியல்தான். எங்களுது சாதா ரோடு.

அதனால காலம் காலமா வெச்சிருந்த ஏற்பாடு என்னன்னா: செலவு பாதிப் பாதி. தண்டவாளத்துக்கு மேல வர்ற நடுப்பகுதியை ரயில்வே கட்டும். ரெண்டு பக்கமும் ஏறி இறங்கற அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். பாலம் எப்படி வரணும்ங்கற வரைபடத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பாலம் வந்த பிறகு கேட்டை மூடிடறோம்னு மாநிலம் ஒத்துக்கணும். கட்டி முடிச்ச பிறகும் சொத்து பிரிஞ்சேதான் இருக்கும். நடுவுல இருக்கற கட்டுமானத்தை ரயில்வே பாத்துக்கும். ரெண்டு பக்கச் சரிவும், மேல போடற தாரும் நெடுஞ்சாலைத் துறை. தெரு விளக்குக்கு கரண்ட் பில் கட்டறது பெரும்பாலும் உள்ளாட்சி. நாம பெட்ரோல் போடும்போது கொடுக்கற செஸ்லேர்ந்தும் ஒரு பங்கு இந்த மாதிரி மேம்பாலங்களுக்குப் போகுது, 2000-ல் வந்த மத்திய சாலை நிதிச் சட்டப்படி. அந்த வகையில நாமளும் ஒரு பார்ட்னர் :-)

நடுப்பகுதியை ரயில்வே தன் கையிலயே வெச்சுக்கறதுல நியாயம் இல்லாம இல்ல. தண்டவாளத்துக்கு மேல 25,000 வோல்ட் கம்பி ஓடுது. கர்டரை ஏத்தணும்னா ராத்திரியில ரயிலை நிறுத்தி ரெண்டு மணி நேரமோ மூணு மணி நேரமோ 'பிளாக்' வாங்கி வேலை செய்யணும். அதுக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதி வேணும். (அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்துல கிடையாது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ வர்றார். தெரிஞ்சப்போ எனக்கும் உங்க மாதிரிதான் இருந்துச்சு.) அதே மாதிரி அணுகுசாலைக்கு வேணும்ங்கற நிலத்தை எடுக்கறது, கடைக்காரங்ககிட்ட பேசறது, தாசில்தார், சர்வேயர், பட்டா, கரண்ட் கம்பம், குடிதண்ணிக் குழாய் மாத்தறது, இதெல்லாம் மாநிலத்துக்குத்தான் முடியும். டெல்லியிலேர்ந்து வந்து யாரும் எங்க ஊர் புறம்போக்கை அளக்க முடியாது.

அப்போ எங்க சிக்கல்?

ரெண்டு பேரும் அவங்கவங்க பங்கைத் தனித்தனியா முடிக்கலாம்ங்கறதுலதான். நடுப்பகுதிக்கு நிலம் எடுக்க வேண்டியதில்ல, ரயில்வே நிலத்துலயே தூண் நிக்கும். அது சீக்கிரம் முடிஞ்சுடும். முடிஞ்சா அவங்க கணக்குப் புத்தகத்துல அது முடிஞ்ச வேலை. பில் பாஸ் ஆயிடும், கான்ட்ராக்டர் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிடுவார். ஆனா எங்களுக்கு? இருபது இருபத்தஞ்சு அடி உயரத்துல, ஏறவும் முடியாம இறங்கவும் முடியாம, காத்துல ஒரு பாலம்.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு வேப்பம்பட்டு ஞாபகம் வந்திருக்கும். அரக்கோணம் லைன்ல, திருவள்ளூருக்கு முன்னாடி வர்ற ஸ்டேஷன். அங்கயும் இதே கதைதான். தண்டவாளத்துக்கு மேல ரயில்வே பகுதி நின்னுச்சு, அணுகுசாலை நிலம் எடுக்கற சிக்கல்ல வருஷக்கணக்கா வரல. 2023 நவம்பர்ல ஒரு அப்பாவும் ரெண்டு பொண்ணுங்களும் அந்த ஸ்டேஷன் பக்கத்துல தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில்ல அடிபட்டுப் போனாங்க. மறுநாள் பேப்பர்ல அந்தப் பாலத்தைப் பத்தியும் எழுதியிருந்தாங்க. நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டேன். ஏன்னு கீழ படிச்சா புரியும்.

எங்க பாலத்துக்கு வரேன். எந்தக் கேட்டுன்னு சொல்லப் போறதில்ல, இந்த லைன்ல இருக்கறவங்க கண்டுபிடிச்சா உங்களுக்குள்ளயே வெச்சுக்குங்க.

தூண் போட ஆரம்பிச்சது 2006-ல. அப்போ ஊரே கேட்டுக்கிட்ட நின்னு வேடிக்கை பாத்துச்சு. 2009-ல நடுப்பகுதி ரெடி. கர்டர் ஏத்தின ராத்திரி எங்க நைனா தூங்காம போய் உக்காந்து பாத்துட்டு வந்தார். "இனிமே உங்க ஆயா ஊருக்குப் போக அரை அவர் மிச்சம்"னார். அதோட நின்னுச்சு.

நின்னதுக்குக் காரணம் கோர்ட்டு. கோர்ட்டுக்குப் போனவங்கள்ல ஒருத்தர் எங்க மாமா. அம்மாவோட கூடப்பொறந்த தம்பி.

மாமாவுக்கு கேட்டுக்கிட்ட சைக்கிள் கடை. மூணு சென்ட் இடம், தாத்தா காலத்துது. கேட் மூடும்போது நிக்கற சைக்கிள்காரங்கதான் அவரோட பாதி வியாபாரம். பாலம் வந்தா கடை முன்னாடி இருபதடிச் சுவர் எழும்பும், மிச்ச இடம் சுவருக்குக் கீழ போயிடும். அதுக்கு அவங்க நோட்டீஸ்ல போட்டிருந்த தொகை வழிகாட்டி மதிப்பை வெச்சு. சிப்காட் வந்த பிறகு எங்க ஊர்ல நிலம் என்ன விலை போச்சுங்கறது டீக்கடையில உக்காந்தாலே தெரியும். மாமா பேராசைக்காரர் இல்லீங்க. பஞ்சருக்கு அஞ்சு ரூபா வாங்கிட்டு, ஸ்கூல் பசங்களுக்கு காத்து சும்மா அடிச்சு விட்ட மனுஷன். "பாலம் வேணாம்னு சொல்லல, எனக்கு இன்னொரு கடை வெக்கற அளவுக்குக் கொடு"ன்னுதான் கேட்டார். அவரோட சேர்ந்து இன்னும் ஆறேழு பேர்.

வக்கீல் ஃபீஸுக்கு அம்மா தன்னோட ரெண்டு பவுன் சங்கிலியை அடகு வெச்சுக் கொடுத்தாங்க. நைனாவுக்குத் தெரியாம. எனக்குத் தெரியும். நானும்தான் கூடப் போய் சேட்டு கடையில நின்னேன்.

நிலச் சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. அப்போ இருந்தது 1894-ல வெள்ளைக்காரன் போட்ட நிலம் எடுப்புச் சட்டம். 2014 ஜனவரியிலேர்ந்து அதுக்குப் பதிலா கூடுதல் இழப்பீடு, மறுவாழ்வுன்னு புதுச் சட்டம். தமிழ்நாட்டுக்குன்னு 2001-லயே தனியா ஒரு நெடுஞ்சாலைச் சட்டம் உண்டு. அது செல்லாதுன்னு 2019-ல சென்னை ஐகோர்ட் சொல்லிச்சு. அதே வருஷம் சட்டசபையில மறுபடி உயிர் கொடுத்து ஒரு சட்டம் போட்டாங்க, 2021-ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கிச்சு. இப்படி சட்டமே கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் அலைஞ்சா, மூணு சென்ட்காரன் அலையறதுல என்ன ஆச்சரியம்.

2011. ஆடி மாசம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அம்மா துணி மடிச்சுக்கிட்டே இருந்தவங்க கையிலேர்ந்து துணி நழுவிச்சு. எடுக்கப் போனாங்க, வலது கை வரல. "கண்ணு"ன்னு என்னைக் கூப்பிட்டாங்க, பாதி வார்த்தைதான் வந்துச்சு. வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டு இருந்துச்சு. மாமா அப்போ வீட்லதான் இருந்தார். அவர்தான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிக்கிட்டு வந்தார். நான் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், நடுவுல அம்மா.

கேட் போட்டிருந்துச்சு.

முதல்ல ஒரு லோக்கல் போச்சு. தெறக்கல. அப்புறம் ஒரு எக்ஸ்பிரஸ். தெறக்கல. ஆட்டோக்காரர் இறங்கி ஓடி கேட்கீப்பர்கிட்ட கத்தினார். அந்த மனுஷன் கையைக் கூப்பினார். நான் அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். கேட் பூட்டினாத்தான் சிக்னல் விழும். சிக்னல் கொடுத்தாச்சுன்னா வண்டி தாண்டற வரைக்கும் அவர் நினைச்சாலும் சாவி வராது, அப்படித்தான் அதை அமைச்சிருக்காங்க. அப்படி அமைச்சதாலதான் நாமெல்லாம் உசுரோட இருக்கோம். மூணாவதா ஒரு கூட்ஸ் வந்துச்சு. பெட்டி பெட்டியா, பெட்டி பெட்டியா. அம்மா மாமா தோள்ல சாஞ்சிருந்தாங்க.

தலைக்கு மேல பாலம். ரெண்டு ஓரத்துலயும் துருப்பிடிச்ச கம்பி நீட்டிக்கிட்டு. மாமா அதைப் பாத்துக்கிட்டே இருந்தார். கீழ குனியவே இல்ல.

இருபத்திரண்டு நிமிஷம். வாட்சைப் பாத்ததுக்கு எனக்கு இன்னைக்கும் வெக்கமா இருக்கு, ஆனா பாத்தேன்.

அம்மா பொழைச்சாங்க. வலது கை போச்சு, பேச்சுல பாதி போச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைச் சொல்லிக் கேட்டேன். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து இருக்கு, நாலரை மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதுன்னார். "அந்தக் கேட்டாலதான்னு சொல்ல முடியாது தம்பி"ன்னும் சொன்னார். அதனால நானும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தையெல்லாம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நான் எஞ்சினியர் இல்ல, பி.காம்தான். ராத்திரி ஷிப்டுல லாரி வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கற நேரத்துல படிச்சது.

எந்தக் கேட்டுக்குப் பாலம் கட்டலாம்னு முடிவு பண்ண ரயில்வேயில ஒரு கணக்கு இருக்கு. ஒரு நாள்ல போற ரயிலோட எண்ணிக்கையை, கேட்டைத் தாண்டற வண்டி யூனிட்டால பெருக்கணும். லட்சத்தைத் தாண்டினா பாதிப் பாதி செலவுல பாலத்துக்குத் தகுதி. நூறு ரயில், ஆயிரம் வண்டின்னா சரியா லட்சம். இதுல வண்டிக்கு வண்டி மதிப்பு வேற. லாரி, கார், மாட்டு வண்டி ஒரு யூனிட். சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் அரை யூனிட்.

அதைப் படிச்ச அன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். அன்னைக்கு நாங்க அரை யூனிட்.

பெரிய பெரிய பாலத்துக்கும் இதே வியாதி உண்டுங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலையைத்தான் எடுத்துக்குங்களேன். 2009 ஜனவரியில அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கட்டறது தேசிய நெடுஞ்சாலை ஆணையம், போற வழி கூவம் கரை, கூவம் மாநிலத்துது. 2012-ல கூவத்துல தண்ணி போறதைத் தூண் மறிக்குதுன்னு சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்திடுச்சு. ஆணையம் கோர்ட்டுக்குப் போய் 2014-ல ஜெயிச்சுது. ஜெயிச்சு என்ன பண்ண? பாலம் வளரலையே. தீர்ப்பை வெச்சுக்கிட்டு ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் தூண் நட முடியாதுன்னு அப்போதான் எல்லாருக்கும் உறைச்சுது. கூவத்துல நின்ன தூணுங்களைப் பல வருஷம் பஸ் ஜன்னல் வழியா பாத்திருப்பீங்க. கடைசியில 2022 மே மாசம் மாநில அரசு, நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், கடற்படை நாலு பேரும் உக்காந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. ஏறக்குறைய இருபதரை கிலோமீட்டர், ரெண்டு அடுக்கு, ஐயாயிரம் கோடிக்கு மேல. அதே மாசம் புதுசா அடிக்கல், இந்தத் தடவை மோடி. முதல் மதிப்பீடு ரெண்டாயிரம் கோடியைக்கூடத் தொடல. நடுவுல போன பதிமூணு வருஷத்துக்கு விலை அது.

எங்க பக்கத்துக் கதை ஒண்ணும் உண்டு, எண்ணூர் – மணலி சாலை. எங்க கம்பெனி லோடு துறைமுகத்துக்குப் போற வழி. ஒரு காலத்துல கன்டெய்னர் லாரிங்க அந்த ரோட்ல நாள் கணக்குல வரிசையில நிக்கும். டிரைவருங்க லாரிக்கு அடியில சமைச்சுச் சாப்பிட்டு, தூங்கி, துணி காயப் போட்டு, குடும்பம் நடத்துவாங்க. அந்த ரோட்டுக்காக நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு அரசு நாலும் சேர்ந்து தனியா ஒரு கம்பெனியே ஆரம்பிச்சாங்க. அதுவும் ஒண்ணும் மின்னல் வேகத்துல முடியல, ஆக்கிரமிப்பு, மீனவர் குடியிருப்பு மறுவாழ்வுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. ஆனா ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. 'என் பங்கு முடிஞ்சுது'ன்னு யாரும் கெளம்பிப் போக முடியாது. ரோடு முடிஞ்சாத்தான் கம்பெனி வேலை முடியும்.

மகாராஷ்டிரா, கேரளாவுல எல்லாம் மாநில அரசும் ரயில்வேயும் பங்கு போட்டு ஒரே கார்ப்பரேஷனா வெச்சிருக்காங்க. மகாராஷ்டிராவுல பாதிப் பாதி, கேரளாவுல 51-க்கு 49. நடுவும் ஓரமும் ஒரே கை, ஒரே டெண்டர்.

வெளிநாட்டுக் கதை ஒண்ணு, ரொம்ப ருசியானது. கனடாவுக்கும் அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துக்கும் நடுவுல டெட்ராய்ட் ஆத்து மேல கார்டி ஹோவ்னு ஒரு பாலம். 2012-ல ஒப்பந்தம் போட்டு, 2018-ல கட்ட ஆரம்பிச்சாங்க. கட்டற செலவு மொத்தமும் கனடா. மிச்சிகன் பக்கத்துல வாங்கின நிலத்துக்கும் சேர்த்து. ஆனா பாலத்தோட உரிமை கனடாவுக்கும் மிச்சிகனுக்கும் சேர்த்து. போட்ட காசை கனடா டோல்ல எடுத்துக்கும். ரெண்டு நாடு, நடுவுல ஆறு! பணத்தை யார் போடறதுங்கறதையும் பாலம் யாருதுங்கறதையும் பிரிச்சு வெச்சுட்டாங்க பாருங்க. நம்ம ஊர்ல செலவைப் பாதியாக்கினா பாலத்தையும் பாதியா வெட்டிடறோம். (அவங்களுக்கும் சண்டை சச்சரவு இல்லாம இல்ல, நிறையவே உண்டு. அதைத் தனியா எழுதலாம், இப்போ வேணாம்.)

எனக்குப் படறது இவ்வளவுதான். மத்திய அரசு பெருசா மாநில அரசு பெருசான்னு டீக்கடையில கத்தறதுல எனக்கு இப்போ ஆர்வம் போயிடுச்சு. எங்க பாலம் நின்னப்போ கட்சிக்காரங்க இந்தப் பக்கம் ஒரு போஸ்டர், அந்தப் பக்கம் ஒரு போஸ்டர் ஒட்டினாங்க. ரெண்டு போஸ்டரும் ஒரு விதத்துல நிஜம்தான். நடுப்பகுதி முடிஞ்சதும் நிஜம், நிலம் கெடைக்கலைங்கறதும் நிஜம். நிலத்துக்குப் பணம் கொடுத்து முடிக்காம தூணுக்கே பூஜை போடாதேன்னு ஒரு விதி இருந்திருந்தா, மாமாவும் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டார், கர்டரும் அந்தரத்துல நின்னிருக்காது. இதைச் சொல்ல எஞ்சினியர் ஆகணும்னு இல்லியே.

மாமா கேஸை வாபஸ் வாங்கினாரான்னு நண்பர் கேட்டார். இல்ல. வாங்கச் சொல்லி நாங்க யாரும் கேக்கவும் இல்ல. அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு ஒரு நாள் மாமா அந்த பேப்பரையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்து அம்மா கட்டில் மேல வெச்சுட்டு சும்மா நின்னார். அம்மா இடது கையால அதைத் தள்ளி அவர்கிட்டயே கொடுத்துட்டாங்க. அவங்களுக்கு அப்போ வாய் வராது. ஆனா அது 'நடத்து'ங்கற தள்ளு. கேஸ் அதும்பாட்டுக்கு நடந்து, தொகை கொஞ்சம் ஏறி, எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. சங்கிலி மட்டும் வரல, வட்டியில போயிடுச்சு. அம்மா எடுத்துக்கச் சொல்லவும் இல்ல.

2016-ல பாலம் தெறந்தாங்க. கேட்டை நிரந்தரமா மூடி, குறுக்க தண்டவாளத் துண்டு நட்டுட்டாங்க. கேட் மூடினதால நடந்து போறவங்க இப்போ சுத்தித்தான் போகணும். முக்காவாசிப் பேர் சுத்தறதில்ல, தண்டவாளத்துல இறங்கித்தான் கடக்கறாங்க. வேப்பம்பட்டு பேப்பரை நான் மடிச்சு வெச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். மேல போற வண்டிக்குத்தான் பாலம், கால்நடையா போறவன் அந்த யூனிட் கணக்குல எங்கயும் வரல.

தெறந்த வாரம் அம்மா பாலத்துல போகணும்னு சைகை காட்டினாங்க. மாமாதான் ஆட்டோ கொண்டு வந்தார். அதே மாதிரி, நான் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். மேல ஏறும்போது முதல் 'டடக்'. அம்மா திடுக்கிட்டு என் கையைப் புடிச்சாங்க. ரெண்டாவது 'டடக்'ல சிரிச்சுட்டாங்க. கீழ ஒரு கூட்ஸ் போய்க்கிட்டிருந்துச்சு. இறங்கி அந்தப் பக்கம் போய்ச் சேந்ததும், திரும்பவும் ஒரு தடவைன்னு விரலைச் சுத்திக் காட்டினாங்க. ஆட்டோக்காரர் மீட்டர் போடலை. மூணு தடவை போய் வந்தோம்.

மாமாவுக்கு இப்போ அணுகுசாலைக்குக் கீழ, சர்வீஸ் ரோட்ல கடை. சைக்கிள் போய் பைக் பஞ்சர் ஆயிடுச்சு. அந்த ரெண்டு ஜாயிண்ட்டுல அடிவாங்கி வர்ற டயர்தான் அவருக்கு முக்கால்வாசி வியாபாரம்.